எக்செல் தாள் தாவல்களின் தோற்றத்தை எந்த அளவுக்கு மாற்ற முடியும்?

கட்டவலை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் பராமரித்துவரும் ஓர் எக்செல் பணிப்புத்தகத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட தாள்கள் இருக்கின்றன. மாதந்தோறும் நிரப்பப்படும் பதிவுத் தாள்கள், அவற்றிலிருந்து தொகுக்கப்படும் சுருக்கத் தாள்கள், இவ்விரண்டுக்கும் அடிப்படையான பட்டியல்களைக் கொண்ட தாள்கள் என அவை மூன்று வகைப்படும். ஷீட் டேப் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் கீழ்வரிசைத் தாவல்களுக்கு வகைக்கொரு நிறம் கொடுத்து வைத்திருக்கிறேன். அது ஓரளவு உதவுகிறது என்றாலும், சில விஷயங்களில் தெளிவு தேவைப்படுகிறது.

நான் கொடுத்த நிறம், அந்தத் தாளைத் திறந்தவுடன் வெளிறிவிடுகிறது. மற்றத் தாவல்கள் எல்லாம் அடர்ந்த நிறத்தில் நிற்க, நான் வேலை செய்துகொண்டிருக்கும் தாளின் தாவல் மட்டும் ஏறக்குறைய வெள்ளையாகத் தெரிவதால், எந்தத் தாளில் இருக்கிறேன் என்பதையே தேட வேண்டியிருக்கிறது. திறந்திருக்கும் தாவலுக்கென்று தனி நிறம் கொடுக்க வழி உண்டா? தாவலில் உள்ள எழுத்தைப் பெரிதாக்கவோ, எழுத்துருவை மாற்றவோ இயலுமா?

அடுத்து, ஒவ்வொரு பதிவுத் தாளிலும் பி2 கலத்தில் ‘முடிந்தது’, ‘நிலுவை’ என்று நிலையைக் குறிக்கிறோம். அதற்கேற்பத் தாவலின் நிறம் தானாக மாறினால் நன்றாக இருக்கும். மதிப்புக்கேற்பக் கலங்களின் நிறத்தைத் தானாக மாற்றும் நிபந்தனை வடிவமைப்பைப் போன்ற ஒன்றைத் தாவல்களுக்கும் தேடிப் பார்த்தேன்; கிடைக்கவில்லை. கடைசியாக, தாள்களுக்குத் தமிழில் பெயர் வைக்கும்போது, பெயர் அவ்வளவு நீளமாக இல்லாதபோதே எக்செல் மேற்கொண்டு தட்டச்சு செய்ய விடாமல் நின்றுவிடுகிறது. இது ஏன்?

நான் விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் 365 பயன்படுத்துகிறேன். உடன் பணியாற்றுவோர் சிலர் இதே கோப்பை கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரேஆபிஸ் கால்க்கிலும் திறக்கிறார்கள்.

தாள்நோக்கி எழுதியது:

வணக்கம். தாவலைப் பொறுத்தவரை எக்செல் நம் கையில் விட்டிருப்பவை மூன்றுதான்: பெயர், நிறம், வரிசையில் அதன் இடம். மற்றவை எல்லாம் நிரலின் முடிவுக்கோ விண்டோஸின் முடிவுக்கோ உட்பட்டவை. நீங்கள் கேட்ட பெரும்பாலானவற்றுக்கு நேரடி வசதி இல்லாததன் காரணமும் இதுவே.

எழுத்துருவை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எக்செல் சேமிக்கும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் பல எக்ஸ்எம்எல் கோப்புகளைச் சுருக்கி வைத்த ஒரு ஜிப் கோப்பு. அதில் தாள்களின் பெயர்கள் பணிப்புத்தகத்துக்கான எக்ஸ்எம்எல் பகுதியிலும், தாவலின் நிறம் அந்தந்தத் தாளுக்கான பகுதியிலும் பதிவாகின்றன. தாவலின் எழுத்துருவையோ எழுத்தின் அளவையோ எழுதிவைக்க அந்த வடிவத்தில் இடமே கிடையாது. ஆகவே எந்தப் பட்டியலுக்குள் புகுந்து தேடினாலும், மேக்ரோ (எக்செல் வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதினாலும், ஒரு குறிப்பிட்ட தாவலின் எழுத்துருவை மட்டும் மாற்ற முடியாது. எழுத்தைப் பெரிதாகப் பார்க்க வேண்டுமென்றால், விண்டோஸ் அமைப்புகளில் திரைக்கான பகுதிக்குச் சென்று ‘ஸ்கேல்’ விகிதத்தை 100 சதவீதத்திலிருந்து 125 சதவீதமாகவோ அதற்கு மேலாகவோ உயர்த்தலாம். ஆனால் தாவலோடு சேர்ந்து திரையில் உள்ள அனைத்தும் பெரிதாகும். எக்செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள ஜூம் கோடு கலங்களை மட்டுமே பெரிதாக்கும், தாவல்களைத் தொடாது. பழைய விண்டோஸ் பதிப்புகளில் உருள்பட்டையின் அளவை மாற்றினால் தாவலும் அதன் எழுத்தும் பெரிதாகும் என்ற குறிப்பு இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த அமைப்புப் பக்கம் இப்போதைய விண்டோஸில் இல்லை என்பதால் அதைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

எழுத்தின் நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அதையும் எக்செல்தான் தீர்மானிக்கிறது. தாவலின் நிறம் அடர்ந்திருந்தால் பெயரை வெள்ளையிலும், வெளிர்ந்திருந்தால் கறுப்பிலும் காட்டும். எனவே பெயர் வெள்ளை எழுத்தில் தெரிய வேண்டுமென்று விரும்பினால், அதற்கேற்ற அடர்நிறத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் நமக்கு உள்ள ஒரே வழி. நடுத்தர அடர்த்தி கொண்ட நிறங்களைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. அவற்றில் கறுப்பு எழுத்தும் சரியாகப் படிவதில்லை, வெள்ளை எழுத்தும் சரியாகப் படிவதில்லை.

திறந்த தாவல் வெளிறுவதற்கு வருகிறேன். தாவல் நிறம் என்ற வசதி 2001இல் வெளிவந்த எக்செல் 2002 பதிப்பில் அறிமுகமானது. இன்றைய எக்செல், திறந்திருக்கும் தாளின் தாவலில் வெள்ளையிலிருந்து நீங்கள் கொடுத்த நிறத்துக்குப் படிப்படியாகச் செல்லும் ஒரு சாயலைக் காட்டி, பெயரைத் தடித்த எழுத்தாக்குகிறது. திறந்த தாவல் மற்றவற்றிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்பதே இதன் நோக்கம். நிறமே இல்லாத தாவல்களுக்கு நடுவே இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது; எல்லாத் தாவல்களுக்கும் நிறம் பூசிய புத்தகத்தில்தான், நீங்கள் சொன்னது போல, வெளிறிய ஒன்றைக் கண் தேடத் தொடங்குகிறது. இதை அணைத்துவைக்க அமைப்பு எதுவும் இல்லை. வெளிர்நிறங்களுக்குப் பதிலாக மிக அடர்ந்த நீலம், அடர்ந்த பச்சை, அரக்கு போன்றவற்றைக் கொடுத்தால், திறந்த நிலையிலும் தாவலின் நிறச்சாயல் கண்ணுக்குப் பிடிபடும். பதிவுத் தாள்கள்தாம் எண்ணிக்கையில் அதிகம் என்றால், அவற்றை நிறமில்லாமல் விட்டுவிட்டு மற்ற இரண்டு வகைகளுக்கு மட்டும் நிறம் கொடுத்துப் பாருங்கள். நிறமில்லாத தாவல் திறந்திருக்கும்போது, அதன் பெயர் தடித்து, அடியில் கோடும் விழுவதால் தெளிவாகவே தெரியும்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. தாவலின் மீது வலது சொடுக்கு செய்து ‘டேப் கலர்’ பகுதியைத் திறந்தால், மேலே தீம் (கோப்பு முழுவதற்குமான நிறத் தொகுப்பு) நிறங்களும் கீழே நிலையான நிறங்களும் தெரியும். தீம் நிறத்தைத் தேர்ந்தெடுத்தால், கோப்பில் பதிவாவது அந்த நிறம் அன்று; தீமில் அது எத்தனையாவது நிறம் என்ற எண்தான் பதிவாகிறது. பின்னாளில் யாராவது பக்க வடிவமைப்பில் தீமை மாற்றினாலோ, தாளை வேறொரு பணிப்புத்தகத்துக்கு நகலெடுத்தாலோ, தாவலின் நிறமும் அதற்கேற்ப மாறிவிடும். வகை பிரிப்பதற்காக நிறம் கொடுப்பவர்கள் நிலையான நிறங்களையோ, ‘மோர் கலர்ஸ்’ பகுதியில் எண் கொடுத்து அமைக்கும் நிறங்களையோ பயன்படுத்துவதே பாதுகாப்பானது.

தமிழ்ப் பெயர்களைப் பற்றிய கேள்விக்கு விடை எளிது. தாளின் பெயர் 31 எழுத்துக்குறிகளைத் தாண்டக் கூடாது என்பது எக்செல்லின் விதி. ஆனால் அது எண்ணுவது நாம் கண்ணால் காணும் எழுத்தை அன்று, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் தரமுறையான யூனிகோடில் உள்ள குறிகளை. க, வ போன்ற அகர எழுத்துகளுக்கு ஓர் இடம் போதும்; மற்ற உயிர்மெய் எழுத்துகளில் மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று என இரண்டு இடங்கள் செலவாகின்றன. புள்ளி வைத்த மெய்யெழுத்துக்கும் இரண்டு இடங்களே. ‘வரவுசெலவுச் சுருக்கம்’ என்ற பெயரில் நம் கண்ணுக்கு 12 எழுத்துகளும் ஓர் இடைவெளியுமாக 13 இடங்கள்தாம் தெரிகின்றன. எக்செல் கணக்கில் அது 21. ஒரு பெயரை ஏதேனும் ஒரு கலத்தில் எழுதி ‘லென்’ சார்பைக் கொண்டு அளந்தால், 31 என்ற வரம்புக்குள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். எமோஜிகளைப் பெயரில் சேர்ப்பவர்களும் கவனிக்க வேண்டும்: பெரும்பாலான எமோஜிகள் குறைந்தது இரண்டு இடங்களை எடுத்துக்கொள்கின்றன. சாய்கோடு, பின்சாய்கோடு, கேள்விக்குறி, விண்மீன் குறி, முக்காற்புள்ளி, சதுர அடைப்புக்குறிகள் ஆகியவற்றுக்குப் பெயரில் இடமில்லை. ஒற்றை மேற்கோள் குறியில் பெயர் தொடங்கவோ முடியவோ கூடாது.

எக்செல் பெயரை வெட்டாமல் முழுமையாகவே தாவலில் காட்டும். ஆகவே பெயர் நீள நீள, ஒரே நேரத்தில் திரையில் தெரியும் தாவல்களின் எண்ணிக்கை குறையும். நாற்பது தாள்கள் உள்ள புத்தகத்தில் இதுதான் நிறத்தைவிடப் பெரிய பிரச்சினை. தாவல்களுக்கும் கிடைமட்ட உருள்பட்டைக்கும் நடுவே செங்குத்தாக மூன்று புள்ளிகள் இருக்கும். அவற்றைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தால், தாவல்களுக்கான இடம் கூடும். இந்த அகலம் கோப்பிலேயே சேமிக்கப்படுவதால், ஒருமுறை செய்தால் போதும்.

நிரல்வாசி எழுதியது:

நிறம் தானாக மாறுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நிபந்தனை வடிவமைப்பு கலங்களுக்கு மட்டுமே உரியது. தாவலுக்கு மேக்ரோ ஒன்றே வழி. ஆனால் தமிழில் நிலையைக் குறிக்கும் உங்கள் கோப்பில், வழக்கமாகச் சொல்லப்படும் மேக்ரோ வேலை செய்யாது. மேக்ரோக்களை எழுதும் மொழியான விபிஏவின் நிரல் சாளரத்துக்கு யூனிகோடு தெரியாது. அங்கே ‘முடிந்தது’ என்று ஒட்டினால் அது கேள்விக்குறிகளின் வரிசையாக மாறிவிடும்; கலத்தில் உள்ள தமிழ்ச் சொல்லோடு அது ஒருபோதும் பொருந்தாது. ஒவ்வோர் எழுத்தையும் அதன் யூனிகோடு எண்ணாக மாற்றி எழுதும் வழி இருக்கிறது என்றாலும், அப்படி எழுதிய நிரலைப் பிறகு யாராலும் படிக்க முடியாது.

இதைத் தவிர்க்க, தமிழ்ச் சொல்லை ஒப்பிடும் வேலையைத் தாளிலேயே முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு பதிவுத் தாளிலும் ஒதுக்குப்புறமான ஒரு கலத்தில், பி2 ‘முடிந்தது’ என்றால் 2, ‘நிலுவை’ என்றால் 1, வேறு எதுவானாலும் 0 என்று விடை தரும் இஃப் சூத்திரம் ஒன்றை எழுதுங்கள். கலத்துச் சூத்திரங்களில் தமிழ் எந்தத் தடையும் இல்லாமல் வேலை செய்யும். மேக்ரோ அந்த எண்ணை மட்டும் படித்து, 2 என்றால் பச்சை, 1 என்றால் செம்மஞ்சள், 0 என்றால் நிறமில்லை என்று அமைத்தால் போதும்.

மேக்ரோவை ஒவ்வொரு தாளிலும் எழுதத் தேவையில்லை. ‘திஸ்வொர்க்புக்’ பகுதியில், எந்தத் தாள் மறுகணிப்புக்கு உள்ளானாலும் இயங்கும் ‘ஷீட்கால்குலேட்’ நிகழ்வில் ஒரே ஒரு முறை எழுதினால், எல்லாத் தாள்களையும் அது பார்த்துக்கொள்ளும். பலர் ‘ஷீட்சேஞ்ச்’ நிகழ்வைப் பயன்படுத்துகிறார்கள். கையால் எதையாவது மாற்றினால்தான் அது இயங்கும். சூத்திரத்தின் விடை மட்டும் மாறினால் இயங்காது. நிலையைக் காட்டும் கலம் சூத்திரமாக இருக்கும்போது ‘கால்குலேட்’ நிகழ்வே பொருத்தமானது. விளக்கப்படத் தாள்களுக்கும் அதே நிகழ்வு இயங்கும் என்பதால், வந்தது பணித்தாள்தானா என்பதை நிரலின் தொடக்கத்தில் சோதித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் வலியுறுத்துவேன். மேக்ரோ எதையாவது மாற்றினால், அதுவரை செய்தவற்றைத் திரும்பப் பெறும் அன்டூ பட்டியல் அழிந்துவிடும். ஒவ்வொரு மறுகணிப்பிலும் நிறத்தைக் கண்மூடித்தனமாக எழுதும் மேக்ரோவை வைத்தால், உங்கள் புத்தகத்தில் யாருக்கும் அன்டூ கிடைக்காது. எனவே தாவலில் இப்போது என்ன நிறம் இருக்கிறது என்று முதலில் பார்த்து, அது வேறாக இருந்தால் மட்டுமே மாற்றும்படி எழுத வேண்டும். இந்த ஒரு நிபந்தனைதான், பயன்படுத்தத்தக்க மேக்ரோவையும் எல்லோரும் வெறுக்கும் மேக்ரோவையும் வேறுபடுத்துகிறது.

நிறத்தைக் குறிக்கும்போது, சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவை எண்களாகக் கொடுக்கும் ஆர்ஜிபி சார்பைப் பயன்படுத்துங்கள். இணையத்தில் கிடைக்கும் ஆறு இலக்க ஹெக்ஸ் (பதினாறடிமான) நிற எண்ணை நேரடியாக விபிஏவில் இட்டால், சிவப்பும் நீலமும் இடம் மாறிவிடும். விபிஏ அந்த எண்ணை எதிர்த்திசையில் படிக்கிறது. தாள்களைக் குறிப்பிடத் தாவலில் தெரியும் தமிழ்ப் பெயரைத் தவிர்த்து, விபிஏ சாளரத்தில் ஒவ்வொரு தாளுக்கும் உள்ள ‘கோட்நேம்’ என்ற உட்பெயரைப் பயன்படுத்தினால், நாளை யாராவது தாவலின் பெயரை மாற்றினாலும் மேக்ரோ உடையாது.

கோப்பை, மேக்ரோக்களை ஏற்கும் எக்ஸ்எல்எஸ்எம் வடிவில் சேமிக்க வேண்டும். பணிப்புத்தகத்தின் கட்டமைப்பைக் கடவுச்சொல்லால் பூட்டியிருந்தால், தாவலின் பெயரையும் நிறத்தையும் கையாலும் மாற்ற முடியாது, மேக்ரோவாலும் முடியாது; மேக்ரோ முதலில் பூட்டைத் திறந்து, மாற்றிவிட்டு, மீண்டும் பூட்ட வேண்டும். மின்னஞ்சலிலோ இணையத்திலோ வந்த கோப்புகளின் மேக்ரோக்களை 2022 முதல் ஆபிஸ் இயல்பாகவே தடுத்துவிடுகிறது. அப்படிப் பெறுபவர்கள் கோப்பின் பண்புகளுக்குள் சென்று ‘அன்பிளாக்’ செய்தால்தான் நிறம் மாறுவதைக் காண்பார்கள்.

கட்டவலை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. விபிஏவுக்குத் தமிழ் தெரியாது என்பதை அறியாமல் இந்த வேலையில் இறங்கியிருந்தால், குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடிந்திராது. எண்ணாக மாற்றும் யோசனை பிடித்திருக்கிறது. ஒரு துணைக் கேள்வி: மேக்ரோ வரப்போகிறது என்றால், தாளைத் திறக்கும்போது அதன் தாவலுக்கு ஒரு கண்ணைப் பறிக்கும் நிறமும், வேறு தாளுக்குச் செல்லும்போது பழைய நிறமும் வரும்படி அதே மேக்ரோவில் சேர்த்துவிடலாமா? மேலும், கூகுள் ஷீட்ஸில் திறப்பவர்களுக்கு இவையெல்லாம் எப்படித் தெரியும்?

நிரல்வாசி எழுதியது:

சேர்க்கலாம், ஆனால் வேண்டாம் என்பதே என் பரிந்துரை. தாள் மாறும்போதெல்லாம் மேக்ரோ எதையாவது மாற்றினால், தாள் மாறும்போதெல்லாம் அன்டூ அழியும். அதைவிட மோசமானது, ஒரு தாளில் நகலெடுத்து இன்னொரு தாளில் ஒட்டப் போகும் நேரத்தில், நகலெடுத்தது பெரும்பாலும் கைவிட்டுப் போகும். போதாக்குறைக்கு, நீங்கள் என்ன நிறம் கொடுத்தாலும் திறந்த தாவலில் எக்செல் அதை வெள்ளையோடு கலந்துதான் காட்டும் என்பதால், எதிர்பார்த்த பலன் பாதியளவுகூடக் கிடைக்காது. எந்தத் தாளில் இருக்கிறோம் என்பது தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு தாளின் முதல் வரிசையிலும் தாளின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, அந்த வரிசையை நகராதபடி உறையவைத்துவிடுங்கள். பார்வை எப்படியும் கலங்களின் மீதுதான் இருக்கப்போகிறது, திரையின் அடிவிளிம்பில் அன்று.

விரிநடை எழுதியது:

கூகுள் ஷீட்ஸ், லிப்ரேஆபிஸ் இரண்டையும் பற்றிச் சொல்கிறேன். எக்செல்லில் கொடுத்த தாவல் நிறம் இரண்டிலும் பழுதில்லாமல் திறக்கும். காட்டும் விதம்தான் வேறு. கூகுள் ஷீட்ஸில் தாவல் முழுவதும் நிறம் நிரம்பாது. பெயருக்கு அடியில் ஒரு மெல்லிய பட்டையாக மட்டுமே தெரியும். ஆகவே எக்செல்லில் அடர்நீலம், கருநீலம் என்று நுணுக்கமாகப் பிரித்தவை அங்கே ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றுக்கொன்று நன்றாக விலகிய நிறங்களைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. கால்க்கில் திறக்காத தாவல்கள் நிறம் நிரம்பியும், திறந்த தாவல் வெள்ளையாகி அடிக்கோட்டில் நிறத்தோடும் தெரியும்.

உங்கள் விபிஏ மேக்ரோ கூகுள் ஷீட்ஸில் இயங்காது. அங்கே அதே வேலைக்கு ஆப்ஸ் ஸ்கிரிப்ட் இருக்கிறது. கலத்தைத் திருத்தும்போது இயங்கும் ‘ஆன்எடிட்’ செயல்பாட்டில் ‘செட்டேப்கலர்’ என்ற கட்டளையைக் கொண்டு நிறத்தை மாற்றலாம். ஆப்ஸ் ஸ்கிரிப்டில் தமிழை நேரடியாகவே எழுதலாம் என்பதால், பி2 கலத்தில் ‘முடிந்தது’ இருக்கிறதா என்று நேராக ஒப்பிடலாம். ஆனால் ஒரே கோப்பை இரண்டு இடங்களிலும் திருத்தி, இரண்டு இடங்களிலும் தனித்தனி நிரல் வைப்பது தேவையற்ற சுமை. யார் எங்கே திருத்துவது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த ஓர் இடத்தில் மட்டும் நிறம் மாறும்படி வைத்துக்கொள்வதே உகந்தது. மற்ற இடத்தில் திறப்பவர்கள் கடைசியாகப் பதிவான நிறத்தைப் பார்ப்பார்கள்.

எளியகணக்கு எழுதியது:

எல்லாப் பதில்களும் பயனுள்ளவை. ஆனால் அடிப்படையில் நான் சற்று மாறுபடுகிறேன். நாற்பது தாவல்கள் உள்ள புத்தகத்தில், பாதிக்கு மேற்பட்ட தாவல்கள் எப்போதும் திரைக்கு வெளியேதான் இருக்கும். கண்ணில் படாத தாவலுக்கு எவ்வளவு நேர்த்தியாக நிறம் பூசி என்ன பயன்? எழுத்து பெரிதாக வேண்டும், நிலைக்கேற்ப நிறம் மாற வேண்டும், நீளமான தமிழ்ப் பெயர் வேண்டும் என்று கேட்டவர் விரும்புபவை அனைத்தும் தாவலில் கிடைக்காதவை, கலத்தில் கிடைப்பவை. ஆகவே முதல் தாளை ஒரு முகப்புத் தாளாக மாற்றிவிடலாம்.

அந்தத் தாளில் வரிசைக்கு ஒரு தாளின் பெயரை எழுதி, ‘ஹைப்பர்லிங்க்’ சார்பைக் கொண்டு அந்தந்தத் தாளின் ஏ1 கலத்துக்கு இணைப்பு கொடுங்கள். இணைப்பின் முகவரி ஹேஷ் குறியில் தொடங்கி, ஒற்றை மேற்கோளுக்குள் தாளின் பெயர், அதன் பின் ஆச்சரியக்குறி, கடைசியில் கலத்தின் முகவரி என்ற அமைப்பில் இருக்க வேண்டும். தாவலின் பெயர் சுருக்கமாக இருந்தாலும், இணைப்பில் காட்டும் பெயரை எவ்வளவு நீளமாகவும் எழுதலாம். பக்கத்துக் கலத்தில் அந்தத் தாளின் பி2 மதிப்பைக் கொண்டுவந்து, அதற்கு நிபந்தனை வடிவமைப்பில் நிறம் கொடுத்தால், மேக்ரோ இல்லாமலேயே எல்லாத் தாள்களின் நிலையும் ஒரே பார்வையில் தெரியும். கூகுள் ஷீட்ஸிலும் கால்க்கிலும் நிபந்தனை வடிவமைப்பு அப்படியே செல்லும். இணைப்புகளை மட்டும் அங்கே திறந்து ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் முகப்புக்குத் திரும்பும் இணைப்பு ஒன்று இருந்தால், தாவல்களைத் தொடவேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது. எக்செல் விருப்பங்களில் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில், தாவல்களைக் காட்டுவதற்கான குறியை நீக்கி, அந்த ஒரு கோப்பில் மட்டும் தாவல் வரிசையை முழுவதுமாக மறைத்துவிடவும் முடியும்.

ஒரு குறை உண்டு. ஹைப்பர்லிங்க் சார்பில் தாளின் பெயர் வெறும் உரையாக இருப்பதால், தாவலின் பெயரை மாற்றினால் இணைப்பு தானாகத் திருந்தாது. உரையாக எழுதிய முகவரியிலிருந்து மதிப்பைக் கொண்டுவரும் ‘இன்டைரக்ட்’ சார்புக்கும் இதே நிலைதான். சாதாரணச் சூத்திரங்களில் உள்ள தாள் பெயர்கள் மட்டுமே தாமாக மாறும்.

தாள்நோக்கி எழுதியது:

முகப்புத் தாள் நல்ல யோசனைதான். ஆனால் தாவல்களை முழுவதுமாக மறைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். புதிதாக வருபவர் தாள்கள் எங்கே போயின என்று திகைப்பார். தாளை நகர்த்துவதும் நகலெடுப்பதும் கடினமாகிவிடும். தாவல்கள் நிறைந்த புத்தகத்தில் வேகமாகச் செல்ல வேறு வழிகளும் உண்டு. தாவல் வரிசையின் இடக்கோடியில் உள்ள அம்புக்குறிகள் மீது வலது சொடுக்கு செய்தால், எல்லாத் தாள்களின் பெயர்ப்பட்டியலும் ஒரு சிறிய சாளரத்தில் திறக்கும். மைக்ரோசாஃப்ட் 365இல் ‘வியூ’ பகுதியில் உள்ள ‘நேவிகேஷன்’ பலகம், தாள்களை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்திக் காட்டும். கன்ட்ரோல் விசையோடு பேஜ் அப், பேஜ் டவுன் விசைகளை அழுத்தி அடுத்தடுத்த தாள்களுக்குச் செல்வது பலருக்கும் தெரிந்ததே.

நிறம் கொடுக்கும் வேலையை விரைவாக்க, கன்ட்ரோல் அல்லது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு பல தாவல்களைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே முறையில் நிறம் கொடுக்கலாம். ஆனால் வேலை முடிந்ததும், வலது சொடுக்கு செய்து அந்தக் குழுவைக் கட்டாயம் கலைத்துவிட வேண்டும். தாள்கள் குழுவாக இருக்கும்போது ஒரு தாளில் தட்டச்சு செய்வது குழுவில் உள்ள எல்லாத் தாள்களிலும் அதே கலத்தில் பதிவாகும். சாளரத்தின் தலைப்பில் ‘குரூப்’ என்ற சொல் தெரிவது மட்டுமே எச்சரிக்கை. நிறம் மாற்றப் போய்ப் பன்னிரண்டு மாதங்களின் தரவையும் அழித்துவிடும் வாய்ப்பு இதில் உண்மையாகவே இருக்கிறது. நாள்தோறும் இதைச் செய்பவர்களுக்கு, ஆல்ட் விசையை அழுத்திவிட்டு எச், ஓ, டி என்று அடுத்தடுத்து அழுத்தினால் நிறப்பலகை திறக்கும். கடைசி எழுத்துக்குப் பதில் ஆர் அழுத்தினால் பெயரைத் திருத்தலாம். நிறம் கொடுத்த தாளை நகலெடுத்தால் நிறமும் கூடவே வரும் என்பதால், புதிய மாதத்துக்கான தாளை ஒரு மாதிரித் தாளிலிருந்து நகலெடுப்பதே சிறந்தது.

கட்டவலை எழுதியது:

இப்போது தெளிவு கிடைத்தது. முகப்புத் தாளை அமைத்து, நிலைக்கான நிறத்தை அங்கேயே நிபந்தனை வடிவமைப்பில் காட்டப்போகிறேன். அதனால் மேக்ரோ தேவைப்படாது. தாவல்களை மறைக்காமல், சுருக்கத் தாள்களுக்கும் பட்டியல் தாள்களுக்கும் மட்டும் நிலையான நிறங்களில் இரண்டைக் கொடுத்து, பதிவுத் தாள்களை நிறமின்றி விடுகிறேன். மூன்று வகைகளுக்கும் நடுவே, எதுவும் எழுதப்படாத ஒரு தாளைக் கறுப்பு நிறத் தாவலோடு பிரிப்பானாக வைக்கலாம் என்று நினைக்கிறேன். அதில் இடர்ப்பாடு ஏதேனும் உண்டா?

எளியகணக்கு எழுதியது:

வைக்கலாம்; பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் உங்கள் சுருக்கத் தாள்களில், முதல் மாதத் தாள் முதல் கடைசி மாதத் தாள் வரை ஒரே கலத்தைக் கூட்டும் முப்பரிமாணச் சூத்திரங்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அத்தகைய சூத்திரம், அந்த இரண்டு தாள்களுக்கும் நடுவே வரிசையில் நிற்கும் எல்லாத் தாள்களையும் கூட்டிக்கொள்ளும். ஒரு தாவலை இழுத்து அந்த எல்லைக்கு வெளியே வைத்தால், அதன் தொகை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கூட்டலிலிருந்து விலகிவிடும். பட்டியல் தாள் ஒன்று தவறி உள்ளே வந்தால், அதில் உள்ள எண்ணும் சேர்ந்துவிடும். இதைச் சாதகமாகவும் பயன்படுத்தலாம்: பதிவுத் தாள்களின் முன்னும் பின்னும் வைக்கும் இரண்டு வெற்றுப் பிரிப்பான்களின் பெயர்களையே சூத்திரத்தின் எல்லைகளாகக் கொடுத்துவிட்டால், புதிய மாதத்தின் தாளை அவற்றுக்கு நடுவே எங்கே வைத்தாலும் கூட்டலில் அது தானாகச் சேர்ந்துகொள்ளும். பிரிப்பான் தாள்களில் யாரும் எதையும் எழுதிவிடாதபடி, அவற்றின் கலங்களை மட்டும் பாதுகாப்பில் வைத்துவிடுங்கள்.